நாலாவது எண்ணிக்கை

சூ பில்னாமுக்கு இரண்டு விஷயங்கள் அறவே பிடிக்காது. ஒன்று, தனக்குத் தெரிந்த வேலையை மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பது. இன்னொன்று, தனக்குத் தெரியாத வேலையை மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பது. அறுபத்தோரு வயதில் பியானோ வகுப்பில் சேர்ந்து, இரண்டாவதில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

தோங்யோங் நகரத்துக்கு எதிர்க்கரையில், பேருந்தில் போனால் நாற்பது நிமிடத்தில் இருக்கிறது அவளுடைய ஊர். முப்பத்துநாலு வருடமாக அங்கே கொட்டகையில் சிப்பி உடைக்கிறாள். ஓட்டின் இடுக்கில் கத்தியை விட்டு ஒரு நெம்பு, சதையை அறுக்க ஒரு இழுப்பு, வாளியில் போட ஒரு வீச்சு. மூன்றே அசைவு. கொட்டகையில் கை வேகத்தில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. வாய் வேகத்தில் யாரும் போட்டிக்கே வருவதில்லை. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா வைத்த பெயர்தான் பில்னாம்; 'கட்டாயம் ஆண்' என்று அர்த்தம். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தது. அதற்கடுத்தது பிறக்கவே இல்லை. அந்தக் கோபத்தை அவர் அறுபது வருடமாக மூத்த மகள்மேல் விட்டு விட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த அப்பாவால்தான் இந்தப் பியானோ வம்பே வந்தது.

ஊர்த் திருச்சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பியானோ வாசித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் மகள் கல்யாணமாகி சாங்வோனுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் வெறும் தொண்டையால் பாடினார்கள். கேட்கச் சகிக்கவில்லை. சபைக் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, "பக்கத்து ஊர்ச் சபையில பாட்டுப் பெட்டி வாங்கியிருக்காங்க. பாட்டு நம்பரை அமுக்கினா அதுவே வாசிக்குது. சம்பளமும் கேக்காது, கல்யாணமும் பண்ணிக்காது. நாமளும் வாங்குவோம்" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். அந்த ஒருத்தி பில்னாம்தான்.

அவளுடைய அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. ஓய்வு பெற்ற சபை மூப்பர். அந்தக் காலத்தில் செம்புக் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, மேலே படகிலிருந்து குழாயில் காற்று வாங்கி, கடலடியில் நடந்து சங்கும் கிளிஞ்சலும் எடுத்தவர். நுரையீரலில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து, சபை முழுவதையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு பாடுவார். ஒரு வரி பாடி மூச்சு வாங்குவார். சில நாள் அரை வரியிலேயே வாங்குவார். சபையும் நின்று அவரோடு மூச்சு வாங்கும். மருந்துக்கடைக்காரர் மகளும் நின்று வாசித்தாள். நாற்பது வருடம் அப்படியே பாடியதால், அது நிற்பது என்றே யாருக்கும் தோன்றவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்தார்கள்.

பெட்டி நிற்கவில்லை. அது வந்த இரண்டாவது ஞாயிறு, அப்பா மூன்றாவது வரியில் இருக்கும்போது பெட்டி பாட்டை முடித்து ஆமென் வாசித்துவிட்டது. போதகரின் மனைவி சிரிப்பை அடக்க இருமினாள். அப்பா வாயை மூடினார். அன்று மூடியதுதான். சபையிலும் பாடவில்லை, வீட்டிலும் பாடவில்லை. பூண்டு உரிக்கும்போது சன்னமாக ஒரு முணுமுணுப்பு வரும், அதுவும் போயிற்று. ஏன் என்று கேட்டால், "பெட்டியோட பந்தயம் ஓட எனக்கென்ன வயசா?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

பில்னாமுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டிவிடலாம். பேசாமல் இருக்கும் அப்பாவை அவளுக்குக் கையாளத் தெரியாது.

"நான்தான் எழுந்து நின்னு வாங்கச் சொன்னேன். நான்தான் அந்த மனுஷன் வாயை அடைச்சேன்" என்று புருஷன் மான்சிக்கிடம் புலம்பினாள்.

"எத்தனையோ பேர் முயற்சி பண்ணி முடியாதது. நீ பண்ணிட்டே" என்றான் மான்சிக். அன்று அவனுக்கு இரவுச் சாப்பாட்டில் மீன் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில், சிப்பிக் காலம் முடிந்த கையோடு, அவள் போதகர் கூவிடம் போனாள். சியோலிலிருந்து வந்த இளைஞர், நல்ல மாதிரி. ஆனால் பெட்டி அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆராதனை பன்னிரண்டு மணிக்கு டாண் என்று முடிந்தது.

"பெட்டியை நிறுத்தினா வாசிக்க ஆள் வேணுமே, அம்மா" என்றார்.

"நான் வாசிக்கிறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. போதகர் அவள் கைகளைப் பார்த்தார். முப்பத்துநாலு வருடக் கத்தித் தழும்புகள். பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்:

"நவம்பர்ல அறுப்பின் பண்டிகை வருது. அன்னிக்கு ஒரு பாட்டு, நாலு சரணமும், ஒழுங்கா வாசிச்சிடுங்க. பெட்டியைக் கழட்டி அலமாரில வச்சிடலாம். முடியலைன்னா அது இருக்கட்டும். அப்புறம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். சரியா?"

அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு வாய் நிறையப் பேசினார். "சிப்பிக் கத்தி பிடிச்ச கைக்குப் பியானோவா? அந்தப் பெட்டியாவது தப்பா வாசிக்காதுடி. நீ தப்பாவும் வாசிப்பே, பத்தாததுக்கு எங்கிட்ட சண்டைக்கும் வருவே."

நகரத்தில் ரொட்டிக் கடை மாடியில் யேரின் டீச்சரின் பியானோ வகுப்பு. டீச்சருக்கு இருபத்தேழு வயது. வாசலில் மாட்டிக்கொள்ள வைத்திருந்த செருப்புகள் எல்லாம் முயல் படம் போட்ட சின்னச் செருப்புகள். பில்னாம் வெறும் காலுறையோடு உள்ளே போய், ஏழு வயதுப் பிள்ளைகள் நான்கு பேருக்கு நடுவில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹாரம் என்று ஒரு சிறுமி. முன்பல் இரண்டும் இல்லை.

"பாட்டி, உங்க பேரப்பிள்ளை எங்கே?" என்று கேட்டது அது.

"எனக்குப் பேரப்பிள்ளையும் இல்லை, நான் பாட்டியும் இல்லை. நான்தான் படிக்க வந்திருக்கேன்."

"பெரியவங்க எதுக்குப் படிக்கணும்?"

பில்னாம் பென்சிலைச் சீவினாள்.

யேரின் பலகையில் ஒரு வட்டம் வரைந்தாள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் வட்டம். "இது முழு ஸ்வரம். நாலு எண்ணுற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது." வட்டத்துக்கு ஒரு காம்பு வைத்தாள். "இது அரை. ரெண்டு எண்ணணும்." வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள். "இது கால். ஒண்ணே ஒண்ணு." காம்பின் நுனியில் ஒரு வால் போட்டாள். "இது அரைக்கால். ஒரு எண்ணிக்கைக்குள்ள ரெண்டு வரும்."

பில்னாம் கையைத் தூக்கினாள். "டீச்சர், இது என்ன நியாயம்? ஒண்ணுமே இல்லாம காலியாக் கிடக்குற வட்டத்துக்கு நாலு. காம்பு வச்சு, மையைக் கொட்டி, வாலும் மாட்டி விட்டதுக்கு அரையா? உழைப்பு கூடக் கூடக் கூலி குறையுதே?"

பிள்ளைகள் சிரித்தன. யேரினும் சிரித்துவிட்டு, "அது அப்படித்தான் அம்மா" என்றாள். அந்த 'அப்படித்தான்' பில்னாமைப் பல மாதம் படுத்தி எடுத்தது. ஏன் என்று கேட்டால் எல்லாமே அப்படித்தான். அடுத்த வாரம் வளைந்து நெளிந்த ஒரு குறியைக் காட்டி, இது மௌனம், இங்கே எதையும் அமுக்கக் கூடாது, ஆனால் ஒன்று எண்ண வேண்டும் என்றாள் யேரின்.

"சும்மா இருக்குறதையுமா எண்ணணும்?"

"சும்மா இருக்குறதைத்தான் முக்கியமா எண்ணணும்."

பில்னாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். நம்பவில்லை.

ஆனால் இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். பெரிய தொல்லை அந்த வெறும் வட்டத்தில் இருந்தது. முழு ஸ்வரத்தை அவளால் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள், விரல் தானாக எழும்பிவிடும். மறுபடி வைப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று, விரல் எழும்பிவிடும். மனது நாலு சொல்லும்போது கை அடுத்த ஸ்வரத்துக்குப் போயிருக்கும்.

"நாலு எங்கேம்மா போச்சு?" என்பாள் யேரின்.

எங்கே போயிற்று என்று பில்னாமுக்கு மே மாதத்தில் ஒருநாள் பேருந்தில் வரும்போது உறைத்தது. நெம்பு, இழுப்பு, வீச்சு. முப்பத்துநாலு வருடமாக ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை அந்தக் கை மூன்று எண்ணி முடித்திருக்கிறது. மூன்றுக்குப் பிறகு அடுத்த சிப்பி. நாலாவது என்று ஒன்று அந்தக் கைக்கு இருந்ததே இல்லை. அரை ஸ்வரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து மூன்று எண்ணும் பாடம் வந்தபோது, பிள்ளைகள் எல்லாம் திணற, பில்னாம் ஒரே தடவையில் வாசித்துவிட்டாள். யேரின் கை தட்டினாள். பில்னாமுக்கு அழுகைதான் வந்தது. அறுப்பின் பண்டிகைப் பாட்டு நாலு எண்ணிக்கைப் பாட்டு.

அந்த நாட்டில் பியானோ படிக்காத பிள்ளையே கிடையாது. படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பயிற்சிச் சீட்டு உண்டு. அதில் வரிசையாகப் பத்து ஆப்பிள் வரைந்திருக்கும். ஒரு தடவை வாசித்தால் ஓர் ஆப்பிளுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். பத்தும் சிவந்தால் வீட்டுக்குப் போகலாம். சின்னச் சின்ன அறைகளில் ஆளுக்கொரு பியானோ, ஆளுக்கொரு சீட்டு. பில்னாம் பத்து ஆப்பிளுக்குப் பத்துத் தடவை வாசித்தாள். நடுவில் தப்பினால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்கமாட்டாள். ஒரு ஆப்பிளுக்கு ஏழு தடவை வாசித்த நாளும் உண்டு. அவள் மூன்றாவது ஆப்பிளில் முக்கிக்கொண்டிருக்கும்போதே ஹாரம் பத்தையும் முடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு நிற்கும்.

"எப்படிடி அதுக்குள்ள முடிச்சே?"

ஹாரம் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகச் சொன்னது: "ஒரு தடவை வாசிச்சா மூணு கலர் அடிக்கணும் பாட்டி. எல்லாரும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"அது திருட்டு."

"டீச்சரும் சின்ன வயசுல அப்படித்தானாம். அம்மா சொன்னாங்க."

பில்னாம் அந்தப் பிள்ளைக்கு நேர்மையைப் பற்றி ஐந்து நிமிடம் வகுப்பெடுத்தாள். ஹாரம் கொட்டாவி விட்டது. ஜூலை மாதம் வந்தது. வெக்கை, விடாத மழை, இன்னமும் நாலு வரவில்லை. ஒருநாள் வாசித்து வாசித்து விரல் மரத்துப்போய், பில்னாம் சிவப்புப் பென்சிலை எடுத்து மிச்சமிருந்த எட்டு ஆப்பிளையும் ஒரே மூச்சில் தீட்டித் தள்ளினாள். தலை நிமிர்ந்தால் கதவில் யேரின் நிற்கிறாள்.

பிள்ளைகளைப் பிடித்தால் யேரின் சிரித்துக் காதைத் திருகுவாள். இவளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அம்மா..." என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். அது போதும். பில்னாமுக்கு முகம் ஆப்பிளைவிடச் சிவந்தது. சிவந்த முகம் கோபமாகத் திரும்பியது.

"ஆமா, அடிச்சேன்! பத்துத் தடவை வாசிச்சாலும் வரலை, வாசிக்காம அடிச்சாலும் வரலை. ரெண்டும் ஒண்ணுதான். எம் மூளை சிப்பி மாதிரி மூடிக்கிச்சு. இதைத் திறக்க உங்க பென்சிலால ஆகாது!"

"கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாத்தான் நாலு மாசம் ஆச்சே!"

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மூன்று வாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மான்சிக் மட்டும் ஒருநாள், "என்ன, வாத்தியாரம்மா இன்னிக்கு லீவா?" என்றான். அவன் நல்ல நேரம், அவள் கையில் கத்தி இல்லை.

மூன்றாவது ஞாயிறு ஆராதனையில் பெட்டி ஒரு பழைய பாட்டை வாசித்தது. பில்னாம் தற்செயலாக அப்பாவைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. தொண்டை மட்டும் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் உள்ளுக்குள்ளே பாடிக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை முதல் பேருந்தைப் பிடித்து ரொட்டிக் கடை வாசலில் போய் நின்றாள்.

யேரின் அவளை மாடிக்கு அழைத்துப் போனாள். ஒரு புதுச் சீட்டை எடுத்து நீட்டினாள். "ஒண்ணு பண்ணுங்கம்மா. மனசுக்குள்ள எண்ண வேண்டாம். வாயை விட்டு எண்ணுங்க. கத்தி எண்ணுங்க. எது நடந்தாலும் எண்ணுறதை விடாதீங்க. தப்பா அமுக்கினாலும் நிறுத்தாதீங்க. கூரை இடிஞ்சு விழுந்தாலும் நாலுக்கு அப்புறம் ஒண்ணுதான்."

கத்துவது பில்னாமுக்குக் கைவந்த கலை. அன்றிலிருந்து அந்த மாடி முழுக்க அவள் குரல்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! கீழே ரொட்டிக் கடைக்காரர் ஒருநாள் ஏறி வந்து, ஏதாவது சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனார். பகலில் ஊர்ச் சபைப் பியானோவிலும் அதே கூச்சல். அக்டோபரில் சிப்பிக் காலம் தொடங்கிற்று. விடியற்காலையிலிருந்து கொட்டகையில் நின்று வேலை. விரல்கள் உப்புத் தண்ணீரில் ஊறி வீங்கின. அங்கேயும் எண்ணினாள். நெம்பு, இழுப்பு, வீச்சு, அப்புறம் கையை நிறுத்தி ஒரு வெறும் நாலு. முப்பத்துநாலு வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய வாளி மற்றவர்களுக்குப் பின்னால் நிறைந்தது. எதிரே நின்ற பெண்கள், "பில்னாம் அக்காவுக்கு என்னமோ ஆகிடுச்சு. ஒவ்வொரு சிப்பிக்கும் ஜெபம் பண்ணுறா" என்றார்கள்.

நவம்பர் முதல் வாரம் நாலு வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் விரல் எழும்பாமல் அப்படியே இருந்தது, அவ்வளவுதான். நாலு சரணத்தையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். யேரின் தாளம் காட்டும் கருவியை முடுக்கிவிட்டு, அதன் டிக்டிக்கோடு வைத்துப் பார்த்தாள். ஒரு இம்மி பிசகவில்லை.

"பெட்டி மாதிரி வாசிக்கிறீங்கம்மா!" என்று யேரின் சந்தோஷத்தில் குதித்தாள்.

பில்னாமும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் அப்போது எதுவும் உறைக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு. பலிபீடத்தின் முன்னால் பூசணி, முள்ளங்கி, பழுத்த சீமைப் பனிச்சைப் பழங்கள், அரிசி மூட்டை, மான்சிக் கொண்டுவந்து வைத்த சிப்பி மூட்டை. கடைசி வரிசையில் யேரின், அவள் பக்கத்தில் ஹாரம். போதகர் கூ பெட்டியின் மின்கம்பியை எல்லோரும் பார்க்கப் பிடுங்கினார். "இன்னிக்குப் பாட்டுக்கு நம்ம பில்னாம் அம்மா வாசிக்கிறாங்க" என்றார். சபை கை தட்டியது. அப்பா கை தட்டவில்லை.

பில்னாம் உட்கார்ந்தாள். வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள். முதல் வரி வந்தது, பிசகில்லை. இரண்டாவது வரியில் அவள் காதில் ஒரு குரல் விழுந்தது. கரகரத்து, துருப்பிடித்து, சபைக் குரல்களுக்கெல்லாம் பின்னால் அரை வரி தள்ளி வரும் குரல். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு அப்பா பாடுகிறார்.

அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. அடுத்த நொடிதான் கவனித்தாள். அரை வரி தள்ளி. அவர் இன்னும் முதல் வரிக் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். நிற்க வேண்டும், நிற்கத் தெரியவில்லை. எண்ணிக்கையை விட்டால் மொத்தமும் போய்விடும். எட்டு மாதமாக அவள் கட்டியது அந்த ஒண்ணு ரெண்டு மூணு நாலின் மேல்தான் நிற்கிறது. கூரை இடிந்தாலும் நிறுத்தாதே. அவள் நிறுத்தவில்லை. ஒரு சரணம் முடிந்தது. அப்பா மூன்றாவது வரியில் இருந்தார். அவள் கைகள், சொல்லிக்கொடுத்தபடி, அடுத்த சரணத்தைத் தொடங்கின.

"ஏய் பில்னாம்!" முதல் வரிசையிலிருந்து ஒரு அதட்டல். "மனுஷனை மூச்சு விட விடுடி!"

பாட்டு நின்றது. சபை மொத்தமும் நின்றது. பில்னாமின் கைகள் அந்தரத்தில் தொங்கின. பெட்டியை விரட்ட வந்தவள், பெட்டியாகவே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து கண்ணில் முட்டியது. இத்தனை பேருந்து, இத்தனை ஆப்பிள், இத்தனை கூச்சல், எல்லாம் இதற்கா?

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்திருக்காங்கப்பா!" என்று அவளும் கத்தினாள். சபை என்பதே மறந்துவிட்டது.

"யாரு சொன்னது? கர்த்தரா?"

"எங்க டீச்சர்!"

"உங்க டீச்சருக்கு ரெண்டு நுரையீரலும் இருக்கு!"

கடைசி வரிசையில் யேரின் தலையைக் குனிந்துகொண்டாள். போதகர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் அப்பா இரண்டாவது சரணத்தை எடுத்துவிட்டார். தனியாக, யாரையும் பார்க்காமல், தன் பாட்டுக்கு.

பில்னாம் கையை இறக்கினாள். இரண்டு கையாலும் அவரைத் தொடர வழியில்லை. இடது கையை மடியில் வைத்தாள். வலது கையின் ஒற்றை விரலால், அவர் எந்த ஸ்வரத்தில் இருக்கிறாரோ அதைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். அவர் நகர்ந்தால் நகர்ந்தாள். இரண்டாவது வரிக் கடைசியில் முழு ஸ்வரம். நாலு எண்ணினாள். அவர் நகரவில்லை. விரல் துடித்தது. எடுக்கவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அவர் இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் அவள் இருந்த இடத்துக்குக் கேட்டது. அது முடிந்து அடுத்த சொல் வந்தது. அவளும் வந்தாள். மெல்ல மெல்லக் கிழவர்கள் சேர்ந்தார்கள், பிறகு மற்றவர்கள். பெட்டி மூன்று நிமிடத்தில் முடிக்கும் பாட்டு ஒன்பது நிமிடம் ஓடியது. போதகர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போகும்போது, அவர் பில்னாமிடம் வந்தார். "ஒழுங்கா வாசிச்சீங்கன்னு சொல்ல முடியலை" என்றார். "ஆனா பெட்டியைத் திரும்ப மாட்டவும் மனசு வரலை. அடுத்த வாரத்துக்கு மூணு பாட்டு இருக்கு அம்மா."

"மூணா?" பில்னாமுக்குத் தலை சுற்றியது. ஒன்றுக்கே எட்டு மாதம்.

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். நின்றார். நன்றாயிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்வாரோ என்று அவள் ஒரு கணம், வெட்கங்கெட்டு, எதிர்பார்த்தாள்.

"இடது கையை எங்கே தொலைச்சுட்டு வந்தே?" என்று கேட்டுவிட்டு, அவர் சூப்பு ஆறிவிடும் என்று போய்விட்டார்.

பில்னாம் பியானோ மூடியைப் படாரென்று சாத்தினாள். இந்த மனுஷனுக்குச் செய்ததற்குப் பதில் நாலு மூட்டை சிப்பி உடைத்திருக்கலாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினால், யேரின் பக்கத்தில் நிற்கிறாள். அவள் முகத்தில் சங்கடம். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான், தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் ஆகவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது வரிக் கடைசியில இருக்குறது முழு ஸ்வரம். அதுக்கு நாலுதான். நீங்க எங்கேயோ போயிட்டீங்க. எண்ணுறதையே விட்டுட்டீங்களா?"

"விடலை டீச்சர்" என்றாள் பில்னாம். "ரெண்டாவது சரணத்துல ஏழு. மூணாவதுல எட்டு. கடைசிச் சரணத்துல பத்து, அப்பாவுக்கு ரொம்ப மூச்சு வாங்கிடுச்சு. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."